இரவல் விடுதலை!

(காரைக்குடியில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கணக்கறிந்த ஊர் இது. பற்றும் வரவும் பார்த்துப் பழகிய ஊர். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கடை விரித்து, கடல் கடந்த கணக்கைக்கூடக் காசு பிசகாமல் பேரேட்டிலே ஏற்றிய மரபினர் வாழும் ஊர். ஆகவே இன்று உங்களிடம் ஒரு கணக்கைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பணக் கணக்கன்று, மனிதக் கணக்கு!

ஒருவர் மற்றொருவருக்கு ஆயிரம் ரூபாய் கடன் கொடுக்கிறார். புரோநோட்டு எழுதி வாங்குகிறார். தவணை தவறிவிட்டது. உடனே என்ன செய்கிறார்? கடன் வாங்கியவன் வீட்டிலே நுழைந்து, கையிலே அகப்பட்ட அண்டாவையும் குண்டாவையும் அள்ளிக்கொண்டா போகிறார்? இல்லை. வக்கீலைப் பார்க்கிறார். வக்கீல் நோட்டீஸ் போகிறது. பதில் வரவில்லையென்றால் வழக்கு. நீதிமன்றம் அழைப்பாணை அனுப்புகிறது. கடன் வாங்கியவன் வந்து, வாங்கவில்லை என்று சொல்லலாம், வாங்கினேன், திருப்பிவிட்டேன் என்றும் சொல்லலாம், வட்டிக் கணக்கு தவறு என்றும் வாதாடலாம். அத்தனையும் கேட்ட பிறகுதான் தீர்ப்பு. ஆயிரம் ரூபாய்க்கு இத்தனை முறை! இத்தனை மரியாதை!

நான் கேட்கிறேன்: ஆயிரம் ரூபாயைப் பறிக்க நோட்டீஸ் வேண்டும். ஒரு மனிதனின் விடுதலையைப் பறிக்க நோட்டீஸ் வேண்டாமா?

வேண்டாம் என்றுதான் நெடுங்காலம் இந்த நாட்டிலே நடந்து வந்தது, தோழர்களே! அதனை எதிர்த்து நீதிமன்றத்தின் கதவைத் தட்டியவர்களின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். நான் சட்டம் பயின்றவனல்லன். கல்லூரிப் படிப்பையே பாதியிலே விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன், நாடகம் எழுதுகிறவன். ஆனால் நாடகம் எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும்: குற்றம் சாட்டப்பட்டவன் வாயைத் திறக்காமலே திரை விழுந்துவிட்டால், அது நாடகமாகாது. நாடகத்திற்கே ஆகாதது நாட்டிற்கு ஆகுமா?

பரோல் என்ற சொல்லை நாம் எல்லோரும் அறிவோம். அது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அந்த மொழியிலே அதற்குப் பொருள், 'சொல்' என்பது! திரும்பி வருவேன் என்று கைதி கொடுக்கும் சொல், வாக்குறுதி. நம் மாநிலத்திலே அதற்குச் சட்டப் பெயர் 'விடுப்பு'. தண்டனை நிறுத்திவைப்புக்கென்று 1982ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தமிழ்நாட்டு விதிகள் இருக்கின்றன. அவசர விடுப்பு என்றும் சாதாரண விடுப்பு என்றும் அவை பகுக்கின்றன. தந்தை இறந்தால் கொள்ளி வைக்க, மகளுக்குத் திருமணமென்றால் முன்னின்று நடத்தச் சில நாட்கள் வெளியே வரலாம். வந்தவர் குறித்த நாளிலே திரும்பியாக வேண்டும். அந்தச் சில நாட்களுக்கே நீதிமன்றம்வரை போகவேண்டிய நிலைமையை நாம் கண்டிருக்கிறோம். மகளின் திருமண ஏற்பாட்டுக்காக ஆறு மாத விடுப்புக் கேட்டு, 2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் நளினி சென்னை உயர்நீதிமன்றத்திலே நேரில் தோன்றித் தாமே வாதாடினார். ஒரு மாதம் கிடைத்தது. அரசியல் தலைவர்களைச் சந்திக்கக் கூடாது, செய்தியாளரிடம் பேசக் கூடாது என்ற நிபந்தனைகளும் உடன் கிடைத்தன.

இது சிறு விடுப்பு. இதனினும் பெரியது ஒன்றுண்டு. ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்று நம்மிலே பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அன்று! ஆயுள் என்றால் ஆயுள் முழுவதும்தான் என்று 1961ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் உரைத்துவிட்டது. பதினான்கு ஆண்டு என்பது, கொடுங்குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை பெற்றவரை அதற்கு முன்பு தண்டனைக் குறைப்பால் விடுவிக்கலாகாது என்று 1978ஆம் ஆண்டு சட்டத்திலே சேர்க்கப்பட்ட எல்லைக்கோடு. அந்தக் கோட்டைத் தாண்டியவனை அரசு விரும்பினால் விடுவிக்கலாம். விரும்பினால் நிபந்தனை விதித்தும் விடுவிக்கலாம். பேரறிஞர் அண்ணாவின் நூற்றாண்டையொட்டி 2008ஆம் ஆண்டு நம் மாநிலத்திலே 1,405 பேர் முன்கூட்டி விடுதலை செய்யப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். 1,405 பேர் என்றால், கதவுக்குப் பக்கத்திலே காத்துக்கிடந்த 1,405 குடும்பங்கள்!

வந்துவிட்டான், வீட்டுக்கு வந்துவிட்டான் என்று மனைவி மகிழ்கிறாள். ஆனால் நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டவனின் விடுதலைப் பத்திரத்திலே ஒரு கொக்கி உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டம், 432ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு. 2024ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து பெயர் மாறிவிட்டது. புதிய சட்டத்திலே அதன் எண் 473. எண் மாறியதே தவிர எண்ணம் மாறவில்லை. வெள்ளைக்காரன் 1898ஆம் ஆண்டு எழுதிய சட்டத்திலே 401ஆம் பிரிவாக இருந்ததன் வழித்தோன்றல்தான் அது. என்ன சொல்கிறது? நிபந்தனை நிறைவேற்றப்படவில்லை என்று அரசு 'கருதினால்', கொடுத்த தண்டனைக் குறைப்பை அரசே இரத்துச் செய்யலாம். பிடியாணை இல்லாமலே எந்தக் காவலரும் அவனைக் கைது செய்யலாம். மிச்சத் தண்டனையை அனுபவிக்கச் சிறைக்கு அனுப்பலாம்.

'கருதினால்'! ஒரே ஒரு சொல், தோழர்களே! அந்தச் சொல்லிலே ஒரு மனிதனின் எஞ்சிய ஆயுள் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. கடையிலே வாங்கிய சட்டை நமக்குச் சொந்தம். இரவல் வாங்கிய சட்டையை எப்போது வேண்டுமானாலும் கழற்றித் தா என்பான் கொடுத்தவன். நிபந்தனையோடு வந்தவனுக்குக் கிடைத்திருப்பது இரவல் விடுதலை!

ஒரு சிறு நாடகக் காட்சியை உங்கள் மனக்கண் முன்னே நிறுத்துகிறேன். கற்பனைக் காட்சிதான். பக்கத்திலே ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, நீரிலே ஊறவைத்துப் பூக்கல் செய்யும் தொழிலாளி ஒருவன். இளமையிலே ஆத்திரத்தில் செய்த குற்றத்திற்குப் பதினாறு ஆண்டு சிறையிலே இருந்துவிட்டு வந்தவன். வந்து ஒன்றரை ஆண்டாகிறது. தெருக் குழாயடியிலே ஒரு தகராறு. அடுத்த வீட்டுக்காரன் காவல் நிலையத்திலே புகார் கொடுக்கிறான். அன்றிரவு கதவு தட்டப்படுகிறது.

"கிளம்பு!"

"எங்கே ஐயா?"

"சிறைக்கு."

"தகராறுக்கு வழக்கு நடக்கட்டும் ஐயா, நீதிமன்றத்திற்கு வருகிறேன்."

"அந்த வழக்கு வேறு. நீ நிபந்தனையை மீறிவிட்டாய். பழைய தண்டனைக்கே திரும்பிப் போகிறாய்."

"எந்த நிபந்தனையை மீறினேன்?"

"கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்ற நிபந்தனையை."

"கண்ணியம் என்றால் என்ன ஐயா? எதிலே தவறினேன்?"

"அது அரசின் கருத்து. எனக்குத் தெரியாது."

மனைவி விளக்கை ஏந்தி வாசலிலே நிற்கிறாள். பத்து நாள் முன்பு வார்த்த பூக்கல் தொட்டி நீரிலே கிடக்கிறது. பதினாறு ஆண்டு காத்திருந்தவளுக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்று சொல்ல ஆளில்லை!

மிகைப்படுத்துகிறான் நாடகக்காரன் என்று எண்ணாதீர்கள். 'கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை என் பேனா பெற்ற பிள்ளையன்று. குஜராத் மாநில அரசு மெய்யாகவே எழுதிய நிபந்தனை! 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆயுள் கைதி ஒருவரை அந்த அரசு விடுவித்தது. விடுவித்தபோது, இரண்டாண்டுக் காலம் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும், அதற்கு மதிப்புக்குரிய இருவர் பிணை நிற்க வேண்டும் என்றது. வெளியே வந்தபின் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எதையேனும் செய்தால் மீண்டும் கைது செய்யப்பட்டு எஞ்சிய தண்டனையை அனுபவிக்க வேண்டும் என்றும் சொன்னது.

அந்த மனிதர் என்ன செய்தார்? விட்டதே போதும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. கதவைப் பிடித்திருக்கும் கையையே கேள்வி கேட்டார். உச்ச நீதிமன்றம்வரை போனார். 2024ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், நீதிபதிகள் அபய் ஓகாவும் அகஸ்டின் ஜார்ஜ் மாசியும் தீர்ப்பளித்தனர்.

கண்ணியம் என்ற சொல்லுக்குச் சட்டத்திலே பொருள் வரையறை இல்லை. ஒருவருக்குக் கண்ணியமாகத் தோன்றுவது இன்னொருவருக்கு அப்படித் தோன்றாது. இப்படிப்பட்ட வழுவழுப்பான நிபந்தனை, விடுதலையைத் தம் மனம்போனபடி பறிக்க அதிகாரிகளின் கையிலே கொடுத்த கருவியாகிவிடும். சமத்துவத்தைக் காக்கும் அரசியல் சட்டத்தின் 14ஆம் பிரிவுக்கு அது முரண். ஆகவே அந்த நிபந்தனை செல்லாது! இது முதல் தீர்மானம்.

இரண்டாவது, இன்னும் பெரிது. புகார் பதிவானது என்பதனாலேயே நிபந்தனை மீறப்பட்டதாகிவிடாது. அற்பமான மீறலுக்காக ஒருவனின் விடுதலையைப் பறிக்கலாகாது. பறிக்க எண்ணும் அரசு முதலிலே காரணத்தைக் கூறி அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதில் எழுத அவனுக்குக் காலம் தர வேண்டும், அவன் வாதத்தைக் கேட்க வேண்டும், கேட்டபின் காரணங்களோடு ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணையையும் எதிர்த்து, அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர்நீதிமன்றம் செல்ல அவனுக்கு உரிமையுண்டு!

சட்டத்தின் எழுத்திலே இல்லாத நோட்டீசை நீதிமன்றம் எழுதிச் சேர்த்தது, தோழர்களே! 'கருதினால்' என்ற ஒற்றைச் சொல்லுக்குக் கடிவாளம் பூட்டியது! அரசியல் சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றம் வகுத்த சட்டம் நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். குஜராத்திலே கிடைத்த தீர்ப்பு குன்றக்குடிக்கும் பொருந்தும்.

அயல்நாட்டிலே இந்த வழக்கு இன்னும் முன்பே நடந்துவிட்டது. அமெரிக்காவிலே பரோல் என்றால் நம்முடைய சில நாள் விடுப்புப் போன்றதன்று. தண்டனைக் காலம் முடியும்வரை நிபந்தனையோடு வெளியே வாழ்வது. ஐயோவா மாநிலத்திலே மாரிசி என்பவர், பொய்க் காசோலைக் குற்றத்திற்காக 1967ஆம் ஆண்டு தண்டிக்கப்பட்டு, 1968ஆம் ஆண்டு பரோலிலே வெளியே வந்தார். ஏழு திங்கள் கழிந்தன. மாற்றுப் பெயரிலே கார் வாங்கினார், அனுமதியின்றி ஓட்டினார் என்பன போன்ற குறைகளைக் கண்காணிப்பு அதிகாரி எழுதி அனுப்பினார். அந்தக் காகிதத்தைப் படித்த வாரியம் பரோலை இரத்துச் செய்தது. மாரிசியை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை!

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏறியது. 1972ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி பர்கர் எழுதிய அந்தத் தீர்ப்பு, பரோல் என்பது உரிமையா, சலுகையா என்ற பழைய வழக்காடலை ஒதுக்கித் தள்ளியது. பெயர் எதுவாயினும், வெளியே வந்து வேலை தேடி, குடும்பத்தோடு கூடி, வாழ்க்கையை மறுபடி கட்டிக்கொண்டவனிடமிருந்து அதைப் பறிப்பது கொடிய இழப்பு. ஆகவே முறையான விசாரணை வேண்டும் என்றது. குற்றச்சாட்டை எழுத்திலே கொடு, சான்றைக் காட்டு, அவன் பேசட்டும், தன் சாட்சியை நிறுத்தட்டும், எதிர்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யட்டும், நடுநிலையாளர் தீர்மானிக்கட்டும், காரணத்தை எழுதிக் கொடு என்று படிப்படியாக வகுத்தது.

அந்தத் தீர்ப்பிலே நான் உங்கள் சிந்தனைக்கு எடுத்து வைக்க விரும்பும் நுட்பம் ஒன்று உண்டு. இரண்டு கேள்விகள் கேட்கப்பட வேண்டும் என்கிறது அது. முதற் கேள்வி: நிபந்தனை மெய்யாகவே மீறப்பட்டதா? இரண்டாம் கேள்வி: மீறப்பட்டிருந்தாலும், அதற்காக அவனைத் திரும்பச் சிறையிலே தள்ளத்தான் வேண்டுமா?

இந்த இரண்டு கேள்வியும் தமிழனுக்குப் புதிதா? சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். கோவலன் கையிலே சிலம்பு இருந்தது. மெய்! பாண்டியன் அவையிலே பொற்கொல்லன் சொன்ன செய்தியிலே அந்தப் பகுதி பொய்யன்று. ஆனால் அது யாருடைய சிலம்பு? அந்த இரண்டாம் கேள்வியைக் கேட்க மன்னனுக்கு அன்று பொழுதில்லை. கோவலனை அழைத்துக் கேட்டிருந்தால் ஒரு நாழிகை ஆகியிருக்கும். கேட்காததனால் ஒரு நகரம் எரிந்தது. கண்ணகி வந்து வழக்குரைத்தாள், வென்றாள். ஆனால் வெட்டப்பட்டபின் கிடைத்த வெற்றி அது! வெட்டுவதற்கு முன்பு கேள் என்பதுதான், நீதிமன்றம் இன்று சட்டத்தின் மொழியிலே சொல்லும் நீதி.

விசாரணையற்ற தண்டனையின் வடுக்கள் இந்தச் சிவகங்கைச் சீமையின் மார்பிலே இருக்கின்றன. 1801ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரிலே மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு, சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரைக் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினான் கும்பெனியான். 1942ஆம் ஆண்டு ஆகஸ்டிலே, பழைய இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானைச் சிறையைப் பொதுமக்களே உடைத்து, தேவகோட்டையிலிருந்து கொண்டுபோய் அடைக்கப்பட்டிருந்த சின்ன அண்ணாமலையை மீட்டு வந்தார்கள். அன்னியன் ஆட்சியிலே முறையிட மன்றமில்லாத மக்கள் கடப்பாரை ஏந்தினார்கள். இன்று கடப்பாரை வேண்டாம், காகிதம் போதும்! ஆனால் அந்தக் காகிதத்தை எங்கே கொடுப்பது, எப்போது கொடுப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இந்த இடத்திலே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: "கொலை செய்தவனுக்கா இவ்வளவு பரிந்து பேசுகிறாய்? செத்தவன் குடும்பத்தை நினைத்தாயா?"

நினைத்தேன், தோழரே! நினைக்காமல் இருக்க முடியுமா? நமக்கு அண்மையிலேதான் மேலவளவு இருக்கிறது. 1997ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் சாதி வெறிக்குப் பலியானார்கள். அந்த வழக்கில் தண்டனை பெற்ற பதின்மூவர் 2019ஆம் ஆண்டு நவம்பரிலே முன்கூட்டி விடுவிக்கப்பட்டபோது, அந்தத் தெருவிலே மறுபடி அழுகுரல் எழுந்தது. விடுதலையை எதிர்த்து உயர்நீதிமன்றத்திலே வழக்கும் எழுந்தது. குஜராத்திலே பில்கிஸ் பானுவுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை உலகமே அறியும். குற்றவாளிகள் பதினொருவரை 2022ஆம் ஆண்டு விடுதலை நாளிலே அந்த மாநில அரசு வெளியே விட்டது. அந்த வீரப் பெண்மணி விட்டாரா? உச்ச நீதிமன்றம் சென்றார். 2024ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், நீதிபதிகள் நாகரத்னாவும் உஜ்ஜல் புயானும் அந்த விடுதலை ஆணையை இரத்துச் செய்து, இரண்டு வாரத்திற்குள் சிறைக்குத் திரும்புங்கள் என்றனர். விடுவிக்கும் அதிகாரம் குஜராத்துக்கு இல்லை, வழக்கு நடந்த மகாராட்டிரத்துக்கே உண்டு என்பது காரணம்.

ஊன்றிப் பாருங்கள்! அந்தப் பதினொருவரின் விடுதலை எப்படிப் பறிக்கப்பட்டது? இரவிலே கதவைத் தட்டியா? இல்லை. திறந்த மன்றத்திலே, அவர்களுடைய வழக்கறிஞர்களும் வாதாடிய பிறகு, காரணம் எழுதிய தீர்ப்பினாலே! விசாரணை கொடியவனைக் காப்பாற்றிவிடவில்லை. விசாரணை செய்தது ஒன்றுதான்: அந்தத் தீர்ப்பை யாரும் பழிவாங்கல் என்று சொல்ல முடியாதபடி உறுதியாக்கியது. ஆகவே சொல்கிறேன், செத்தவன் குடும்பத்துக்கும் வேண்டியது முறையான விசாரணைதான். அரசு இரகசியமாகத் திறந்தால் அவர்கள் அழுகிறார்கள். இரகசியமாகப் பூட்டினால் இவர்கள் அழுகிறார்கள். திறப்பதும் பூட்டுவதும் வெளிச்சத்திலே நடக்கட்டும் என்பதே நம் கோரிக்கை!

ஆட்சிகள் வரும், போகும். எந்த ஆட்சியாயினும், அதன் 'கருத்து' ஒன்றையே நம்பி ஒரு மனிதன் வாழ்வதென்றால், அவன் குடிமகனல்லன், அடிமை. நாளைக்கு உள்ளூர்ப் பெரிய மனிதர் ஒருவருக்கு வாக்களிக்க மறுத்தான் என்பதற்காக, கூலி உயர்வு கேட்டான் என்பதற்காக, ஒரு புகார் பதிவானால் போதும் என்ற அச்சத்திலே அவன் தலை குனிந்தே நடப்பான். விடுதலையான பின்னும் சிறையைத் தோளிலே சுமந்து திரிவான்.

ஆகவே கழகக் கண்மணிகளே, உங்கள் ஊரிலே இப்படி ஒருவர் இருந்தால், நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விடுதலை ஆணையின் நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நிபந்தனைகளைப் படித்துக் காட்டுங்கள். அறிவிப்பு வந்தால், கெடுவுக்குள் எழுத்திலே பதில் கொடுக்க உதவுங்கள், நேரிலே கேட்க வேண்டும் என்று அந்தப் பதிலிலேயே கோருங்கள். அறிவிப்பே இல்லாமல் அழைத்துப் போய்விட்டால், இரத்து ஆணையின் நகலைக் கேளுங்கள். சிறையிலே இருப்பவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியிருக்கிறது. அவர் ஏழையா, வருமானம் எவ்வளவு என்று கேட்க வேண்டியதே இல்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கதவைத் தட்டுங்கள். அங்கிருந்து உயர்நீதிமன்றம். முன்பெல்லாம் சிவகங்கைச் சீமையின் ஏழை நீதிப்பேராணை கேட்கச் சென்னைக்கு இரயிலேற வேண்டும். 2004ஆம் ஆண்டு ஜூலை 24 முதல் மதுரையிலே கிளை இருக்கிறது. காலையிலே காரைக்குடியிலே பேருந்து ஏறினால் மன்றம் கூடுவதற்குள் போய்ச் சேரலாம்.

இன்னொரு செய்தி. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி ஏறியிருக்கிறது. தண்டனைக் குறைப்புக் கொள்கை வகுத்துள்ள மாநிலங்கள், தகுதி பெற்ற கைதி விண்ணப்பம் போடவில்லை என்று தட்டிக் கழிக்கக் கூடாது, தாமாகவே ஆராய வேண்டும் என்றது. காட்டிய காரணத்தைக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும், மறுத்தால் எதிர்த்து வழக்காடும் உரிமையுண்டு என்பதையும் அவனுக்குச் சொல்ல வேண்டும் என்றது. கேட்டால் கிடைக்கும் என்பது போய், கேளாமலே ஆராய வேண்டும் என்ற நிலை வந்திருக்கிறது. ஆனால் ஒன்று: தீர்ப்பு டில்லியிலே எழுதப்படுகிறது. அது வாழ்வதும் மாள்வதும் காவல் நிலையத்து மேசையிலே! அந்த மேசைக்கு எதிரிலே போய் நின்று, "எங்கே ஐயா அறிவிப்பு?" என்று கேட்க ஒரு தொண்டன் இருந்தால் தீர்ப்பு வாழும். இல்லையென்றால் அது சட்டப் புத்தகத்திலே தூங்கும்.

குற்றத்திற்குத் தண்டனை உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. தண்டனைக்கு எல்லை உண்டு. அதை அரசு மறக்கக் கூடாது. பரோல் என்றால் சொல் என்று முன்பு சொன்னேன். கைதி மட்டுமா சொல் கொடுத்தான்? போய் வா, ஒழுங்காக வாழ் என்று சொல்லிக் கதவைத் திறந்த அரசும் ஒரு சொல் கொடுத்திருக்கிறது. கைதி சொல் தவறினால் சிறை. அரசு சொல் தவறினால்? அதைக் கேட்கத்தான் நீதிமன்றம், அங்கே ஏழையைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லத்தான் நாம்!

வாழ்க நீதி!